கிட் வாங்காமல் டிஎன்ஏ பிரிப்பது: எதைக் கையால் செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி. சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் வஞ்சிரம் என்று சொல்லி விற்கும் துண்டு வஞ்சிரம்தானா, கடையில் வாங்கும் முருங்கையிலைப் பொடிக்குள் இருப்பது முருங்கைதானா என்று டிஎன்ஏவை வைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 60 மாதிரிகள். கையில் 300 வெள்ளி. கிட்டின் (டிஎன்ஏ பிரிக்கக் கரைசலும் குழாயும் சேர்த்து ஆயத்தமாக விற்கும் பெட்டி) விலையைப் பார்த்ததுமே தலை சுற்றியிருக்கிறது. அப்போதுதான் பாத்திரம் கழுவும் திரவம், உப்பு, ஆல்கஹால் வைத்து ஐந்தே நிமிடத்தில் டிஎன்ஏ எடுக்கும் வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. அதில் வருவதைக் கொண்டு பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஓட்ட முடியுமா, மணலைச் சிலிக்காவாகப் பயன்படுத்தலாமா, இதையெல்லாம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலேயே செய்துவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கிட்டுக்குக் கொடுக்கும் காசில் எது வேதியியலுக்கு, எது வசதிக்கு? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஆய்வகத்தில் கழித்தவன். முதலில் மீன், பிறகு செடிகொடி, நடுவே கொஞ்ச காலம் பாக்டீரியா. மருத்துவமனை மாதிரிகள், நோய் கண்டறிதல் பக்கம் போனதில்லை. அங்கே கையால் தயாரித்த கரைசலுக்கு இடமும் இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதற்கு மதிப்பும் இல்லை.

டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்தவரிடம் கிட் இருந்ததில்லை. 1869-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர், மருத்துவமனையில் கழற்றிப் போட்ட கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து அதைப் பிரித்தார். அன்றும் இன்றும் வேலை மூன்றுதான். செல்லை உடைக்க வேண்டும். புரதம், கொழுப்பு, சர்க்கரைப் பொருள்களை ஒதுக்க வேண்டும். மிஞ்சிய கரைசலிலிருந்து டிஎன்ஏவை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். கிட்டில் உள்ள ஸ்பின் காலம் (நேரத்தைக் குறிக்கும் காலம் இல்லை, அந்தச் சின்ன வடிகுழாய்) செய்வது மூன்றாவது வேலையை. அதன் அடியில் இருக்கும் வெள்ளை வட்டம் சிலிக்கா இழை, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். சில வகை உப்புகள் அளவுக்கு மீறி இருக்கும்போது டிஎன்ஏ கண்ணாடியில் ஒட்டும். உப்பு குறைந்ததும் விட்டுவிடும். 1979-இல் வோகல்ஸ்டைன், கில்லெஸ்பி இருவரும் சோடியம் அயோடைடும் கண்ணாடித் தூளும் வைத்து ஜெல்லிலிருந்து (டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் களி) டிஎன்ஏவை இப்படி எடுத்துக் காட்டினார்கள். 1990-இல் பூம் என்பவரின் குழு குவானிடின் தயோசயனேட் என்ற உப்பைப் போட்டு, செல்லை உடைப்பதையும் சிலிக்காவில் பிடிப்பதையும் ஒரே குழாயில் முடித்தது. இன்றைய கிட்டுகளில் பல இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள். ஒட்டுவதற்குக் காரணம் என்ன என்பதில் மட்டும் பாடநூல்கள் ஒத்துப்போவதில்லை. நீர் விலகுவது ஒரு விளக்கம், உப்பு பாலமாக நிற்பது இன்னொன்று. வேலை செய்வதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதாவது ரகசியக் கலவை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நீங்கள் காசு கொடுப்பது அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கும், ஒவ்வொரு தொகுதியும் ஒன்றுபோல் இருக்கும் என்ற உறுதிக்கும், யோசிக்காமல் வேலை முடியும் என்ற நிம்மதிக்கும். அந்த நிம்மதி சில நேரம் காசுக்குத் தகும். உங்கள் நிலையில் தகாது.

முதலில் அந்த வீடியோ. பாத்திரம் கழுவும் திரவம் செல் சவ்வைக் கரைக்கிறது, உப்பு டிஎன்ஏவின் மின்சுமையை மறைக்கிறது, ஆல்கஹால் ஊற்றியதும் வெள்ளையாக நூல் நூலாகத் திரண்டு வருகிறது. எல்லாம் சரிதான். ஆனால் ஸ்ட்ராபெர்ரியிலிருந்து குச்சியில் சுற்றி எடுக்கும் அந்த வெள்ளைக் கட்டியில் பெரும்பகுதி பெக்டினும் புரதமும். ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். டிஎன்ஏவும் உண்டு, ஆனால் அது கூட்டத்தில் ஒரு ஆள். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான காட்சி. பிசிஆரில் போட்டால் ஓடவும் செய்யலாம், ஓடாமலும் போகலாம். ஓடாதபோது ஏன் என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. அதுதான் அதன் குறை. திரவத்தில் வாசனையும் நிறமும் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். அதற்குப் பதில் சுத்தமான எஸ்டிஎஸ் (சோப்பு வேலை செய்யும் வேதிப்பொருள்) பொடி ஒரு சின்னப் பாட்டில் வாங்கினால் உங்கள் வகுப்பே இரண்டு வருடம் ஓட்டலாம். உப்பும் அப்படியே. சமையல் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. ஆய்வக உப்பு ஒன்றும் யானை விலை இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல.

இனி, எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று பாருங்கள். உங்கள் வேலை ஒரு சின்னப் பகுதியைப் பிசிஆரில் பெருக்கி, அதன் எழுத்துகளை வாசிப்பது. டிஎன்ஏ நான்கு வகை எழுத்துகளால் ஆன நீண்ட வரி மாதிரி; மீனுக்கு சிஓஐ என்ற, இனத்தைக் காட்டிக்கொடுக்கும் மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்து. இதற்கு மிகச் சுத்தமான, நீளமான டிஎன்ஏ தேவையே இல்லை. பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் இல்லாமல் இருந்தால் போதும். மீன் தசை இந்த விஷயத்தில் சாது. அரிசி அளவு துண்டு, அதற்கும் குறைவாக இருந்தாலும் நல்லது, எடுத்து 25 மில்லிமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு; ஆயிரம் சேர்ந்தால் ஒரு மோலார்) சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏயும் (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) உள்ள கரைசலில் 75 மைக்ரோலிட்டர் விட்டு, 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு சேர்த்தால் முடிந்தது. இது 2000-இல் வெளியான ஹாட்ஷாட் முறை. எலி வளர்ப்பவர்கள் காதுத் துணுக்கிலும், வரிக்குதிரை மீன் வளர்ப்பவர்கள் துடுப்புத் துணுக்கிலும் தினமும் செய்வது. 100 மில்லி கரைசல் 1,300 மாதிரிக்கு வரும். மேலாக நிற்கும் தெளிவிலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்து நேரே பிசிஆரில் போடலாம். துண்டு பெரிதாக இருந்தால்தான் சொதப்பும். எல்லாருக்கும் ‘கொஞ்சம் கூடுதலாகப் போடுவோமே’ என்று கை போகும், போகவிடாதீர்கள்.

இதன் குறை என்னவென்றால், வருவது கச்சா சாறு. மாதக்கணக்கில் வைத்திருக்க ஏற்றதல்ல. அளவுமானியில் (ஒளியை வைத்து டிஎன்ஏவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. செலெக்ஸ் பிசின் முறையும் இதே குடும்பம்தான். 1991 முதல் தடயவியல்காரர்கள் பயன்படுத்துவது. 5 விழுக்காடு பிசின் கரைசலில் போட்டுக் கொதிக்க வைத்தால், டிஎன்ஏவை வெட்டும் நொதிகளுக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிசின் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிசின் மணி ஒன்று பைப்பெட் முனையில் ஏறி பிசிஆருக்குள் போய்விட்டால் அங்கேயும் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை கெடும்.

மாதிரியை அடுத்த வருட மாணவர்களுக்கும் வைத்திருக்க வேண்டும் என்றால் மீனுக்கு நான் சொல்வது உப்பால் ஒதுக்கும் முறை. 1988-இல் மில்லர், டைக்ஸ், போலெஸ்கி மூவரும் ரத்தச் செல்களுக்காக எழுதியது. மீனுக்கும் கோழிக்கும் அப்படியே பொருந்துகிறது. 20 மில்லிகிராம் தசையை எஸ்டிஎஸ், டிரிஸ், ஈடிடிஏ கலந்த 300 மைக்ரோலிட்டர் கரைசலில் போட்டு, புரோட்டினேஸ் கே நொதி சேர்த்து, 55 டிகிரியில் துண்டு கரையும் வரை வைக்கிறீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவசரம் இல்லையென்றால் இரவு முழுக்க விட்டுவிடலாம். பிறகு 100 மைக்ரோலிட்டர் 6 மோலார் உப்புக் கரைசல். அதாவது 100 மில்லிக்கு 35 கிராம் உப்பு. அடியில் ஒரு சிட்டிகை கரையாமல் கிடந்தால் கவலை வேண்டாம். நன்றாகக் குலுக்கினால் குழாய் பால் போல் வெளுக்கும். புரதம் உப்பு தாங்காமல் வெளியே விழுவதுதான் அது. சென்ட்ரிஃபியூஜில் (குழாயை வேகமாகச் சுழற்றும் கருவி) முழு வேகத்தில் 10 நிமிடம். மேலே தெளிந்ததை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றி, அதே அளவு ஐசோப்ரோப்பனால் என்ற ஆல்கஹாலை ஊற்றி, மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். ஏழெட்டாவது தடவை திருப்பும்போது தெளிந்த திரவத்தின் நடுவே ஒரு கலங்கல் இழை சுருண்டு, தேங்காய் நார் மாதிரி மிதக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் நான் குழாயை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அப்புறம் சுழற்றி, 70 விழுக்காடு எத்தனாலில் கழுவி, உலர்த்தி, டிஇ பஃபரில் (டிரிஸும் ஈடிடிஏயும் கலந்த, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கரைத்துவிடுங்கள். எலும்பு காயும்வரை உலர்த்தினால் திரும்பக் கரைய அடம் பிடிக்கும்.

ஐசோப்ரோப்பனாலைச் சேர்த்த பிறகு ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தே ஆக வேண்டும் என்று பழைய கைப்பிரதிகளில் இருக்கும். மீன் துண்டு போன்று டிஎன்ஏ தாராளமாக இருக்கும் மாதிரிகளில் நான் வைத்தும் பார்த்திருக்கிறேன், வைக்காமலும் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சமே இருக்கும் மாதிரியில் குளிரைவிட, கூடுதல் நேரம் சுழற்றுவதுதான் உதவியது. இது என் அனுபவம், சட்டம் அல்ல. இன்னொன்று, நம் ஊர் ஆய்வகங்களில் ஏர்கான் எப்போதும் கடுங்குளிரில்தான் ஓடும். காலையில் வந்து பார்த்தால் எஸ்டிஎஸ் பாட்டிலின் அடியில் பனி மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வெந்நீரில் வைத்தால் தெளியும். ஆனால் அந்தக் கரைசலில் பொட்டாசியம் உப்பு எதையும் கலக்காதீர்கள், அது எஸ்டிஎஸ்ஸை வீழ்த்திவிடும்.

இந்த முறையில் விலை கூடியது நொதி ஒன்றுதான். அதைக் கையால் செய்ய முடியாது, மாற்றும் கிடையாது. வாங்குங்கள். பப்பாளிக் காயின் பாலையும் அன்னாசிச் சாற்றையும் போட்டுப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். புரதத்தை அவை செரிக்கும், உண்மைதான். ஆனால் கூடவே பப்பாளியின் டிஎன்ஏவும் வந்து சேரும், அதை வெட்டும் நொதிகளும் வரும். இனம் கண்டுபிடிக்கும் வேலையில் இன்னொரு இனத்தின் சாற்றை நீங்களே ஊற்றலாமா?

செடிகள் வேறு ஜாதி. இலையில் செல்லுலோஸ் சுவர், மாவுச்சத்து, வழவழப்பான கூட்டுச்சர்க்கரை, துவர்ப்புப் பொருள்கள் எல்லாம் உண்டு. வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டதும் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். வாழைக்காய் நறுக்கிய கை கறுப்பது நினைவிருக்கிறதா, அதேதான். அதற்கென்றே இருப்பது சிடாப் முறை. சிடாப் என்பதும் எஸ்டிஎஸ் மாதிரி ஒரு சோப்பு வகைப் பொருள். 1980-இல் மரேயும் தாம்ப்சனும் வெளியிட்டது, 1987-இல் டாய்ல் தம்பதி எளிமைப்படுத்தியது. 2 விழுக்காடு சிடாப், 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் ஈடிடிஏ, 100 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 8. இதில் அந்த 1.4 என்ற எண் சும்மா வந்ததல்ல. உப்பு அந்த அளவில் இருக்கும்வரை டிஎன்ஏ கரைசலில் நிற்கும், சிடாப் வேண்டாத சர்க்கரையையும் புரதத்தையும் பிடித்துக்கொண்டு போகும். உப்பு வெகுவாகக் கீழே இறங்கினால் சிடாப் டிஎன்ஏவையே வீழ்த்திவிடும். அதனால் இலையில் நீர் அதிகமிருந்து கரைசல் நீர்த்துப்போனாலே கதை மாறும். துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளப் பிவிபி என்ற பொருள் கொஞ்சம். மெர்காப்டோஎத்தனால் சேர்த்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்த நாற்றம் மாடி முழுக்கப் பரவும். புகைப்போக்கி அறைக்கு (ஆவியை வெளியே இழுத்துவிடும் ஆய்வக அலமாரி) வெளியே மூடியைத் திறக்கவே கூடாது.

ஒரு லிட்டர் சிடாப் பஃபர் 2,000 மாதிரிக்குக் காணும். செலவைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பிரச்சினை அடுத்த கட்டத்தில், குளோரோஃபார்ம். புரதத்தை ஒதுக்குவதற்கு அது வேண்டும். ஆய்வகத்தில் நைட்ரைல் கையுறை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் கையாளுகிறார்கள். குளோரோஃபார்ம் நைட்ரைலை நிமிடக் கணக்கில் ஊடுருவும். தெறித்தால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, தனிப் பாட்டிலில் சேர்த்து உரிமம் பெற்றவர்கள் மூலம்தான் அகற்ற வேண்டும். உங்கள் கல்லூரியில் புகைப்போக்கி நேரம் கிடைப்பது கஷ்டம் என்றால் 1983-இல் டெல்லபோர்ட்டா குழு எழுதிய முறையைப் பாருங்கள். எஸ்டிஎஸ்ஸில் 65 டிகிரியில் 10 நிமிடம், பிறகு பொட்டாசியம் அசிட்டேட், பனிக்கட்டியில் 20 நிமிடம். பொட்டாசியம் எஸ்டிஎஸ்ஸை வீழ்த்தும் என்று மேலே எச்சரித்தேனே, அதையே இங்கே ஆயுதமாக்குகிறார்கள். விழும்போது புரதத்தையும் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு விழும். குளோரோஃபார்ம் இல்லை. முருங்கை, கறிவேப்பிலை, துளசி போன்றவற்றின் இளந்தளிரில் பெரும்பாலும் போதும். முற்றிய இலையில் எனக்குச் சிடாப்தான் கைகொடுத்தது.

65 டிகிரி குளியலுக்குச் சோறு ஆக்கும் குக்கரின் ‘சூடாக வைக்கும்’ நிலை அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். உள்ளே தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டர் போட்டு ஒரு மணி நேரம் கவனித்துவிட்டு நம்புங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒன்று வெகுநாள் ஓடியது. மேலே சிவப்பு மையில் ‘சோறு கூடாது’ என்று நான்கு மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தோம்.

சரி, மணல். மணலும் சிலிக்காதான், ஆனால் ஒரு மணல் துகளின் வெளிப்பரப்பு அற்பம். டிஎன்ஏ ஒட்டுவது பரப்பில். அதே எடை நுண்தூளில் பரப்பு பல நூறு மடங்கு. வேதிப்பொருள் கடையில் நுண்சிலிக்காத் தூள் கிடைக்கும். தண்ணீரில் கலக்கி, மிதக்கும் மிக நுண்ணியதை ஊற்றிவிட்டு, அமிலத்தில் கழுவி வைத்துக்கொண்டால் ஒரு பாட்டில் காலத்துக்கும் வரும். பிஸ்கட் டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் மணிகளை இதற்கு அரைக்காதீர்கள். அவை இலையை உலர்த்திப் பாதுகாக்க அருமையானவை, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இலையைச் செய்தித்தாளுக்கு நடுவே காயவைத்தால் பூஞ்சையின் டிஎன்ஏதான் முதலில் கிடைக்கும்.

ஸ்பின் காலத்தையும் வீட்டுப் பாணியில் செய்கிறார்கள். 0.5 மில்லி குழாயின் அடியில் ஊசியால் துளையிட்டு, கண்ணாடி இழை வடிதாளை வட்டமாக வெட்டி இரண்டு மூன்று அடுக்கு அழுத்தி, அதை 1.5 மில்லி குழாய்க்குள் உட்கார வைத்தால் சுழற்றத் தயார். நான் செய்து பார்த்திருக்கிறேன். பத்துக்கு எட்டு நன்றாக வந்தது, இரண்டில் தாள் ஓரம் தூக்கி எல்லாம் வழிந்துவிட்டது. 60 மாதிரிக்கு உட்கார்ந்து வட்டம் வெட்டும் பொறுமை உங்களுக்கு இருந்தால் சரி. இதற்கு குவானிடின் உப்பு தேவைப்படும், அதில் ஒரு ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குவானிடின் கலந்த கழிவின் மேல் பிளீச் ஊற்றவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். தயோசயனேட் என்றால் சயனைடு வகை வாயுக்களே வரலாம். மேசையைப் பிளீச்சால் துடைக்கும் பழக்கம் உள்ள இடத்தில் இது நடக்கக்கூடியது. அதனால்தான் குழாய்களுக்கும் கழிவுப் பாட்டிலுக்கும் பெரிதாகப் பெயர் எழுதச் சொல்கிறேன்.

இதைவிட எளிமையானது ஒன்று உண்டு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 2017-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு குழு சாதாரண வாட்மன் எண் 1 வடிதாளை மெல்லிய பட்டையாக வெட்டி, பிடிக்கும் பகுதியை மெழுகில் தோய்த்து, அதையே டிஎன்ஏ பிடிக்கும் குச்சியாக ஆக்கியது. நசுக்கிய சாற்றில் மூன்று முறை முக்கு, கழுவும் பஃபரில் மூன்று முறை முக்கு, பிசிஆர் குழாயில் மூன்று முறை முக்கு. அரை நிமிடம். மின்சாரம் வேண்டாம், சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம். மிகக் கொஞ்சம் டிஎன்ஏதான் வரும், சேமிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் ‘இது வஞ்சிரமா இல்லையா’ என்ற கேள்விக்குக் கொஞ்சமே போதும். உங்கள் திட்டப்பணியில் கிட், ஹாட்ஷாட், காகிதக் குச்சி மூன்றையும் ஒரே பத்து மீனில் ஒப்பிட்டால் அதுவே தனி அத்தியாயம்.

பிசிஆர் முடிந்த பிறகும் ஒரு சுத்திகரிப்பு உண்டு. எழுத்துகளை வாசிக்க அனுப்பும் முன் மிச்ச பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) நீக்க வேண்டும். இங்கே யாரும் கிட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 20 விழுக்காடு பெக் 8000 (நீரில் கரையும் ஒரு பாலிமர்), 2.5 மோலார் உப்பு கலந்த கரைசலைச் சம அளவு ஊற்றி, 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சுழற்றி, 80 விழுக்காடு எத்தனாலில் கழுவினால் பெரிய துண்டுகள் அடியில் தங்கும், பிரைமர் போய்விடும். கடையில் விற்கும் காந்த மணிகள் (டிஎன்ஏவைப் பிடிக்கும் நுண்ணிய உருண்டைகள்) இதே வேதியியல்தான். பெக்கும் உப்பும் டிஎன்ஏவை மணியின் மேல் தள்ளுகின்றன, காந்தம் மணியைப் பிடிக்கிறது. 2012-இல் ரோலண்ட், ரைக் இருவரும் 18 விழுக்காடு பெக், 1 மோலார் உப்பு, 0.1 விழுக்காடு மணி என்று கலவையையே வெளியிட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க அதைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். வணிகப் பாட்டிலோடு ஒப்பிட்டால் மிச்சம் கணிசம். ஆனால் மணியை ஒரு பாட்டிலாக மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். 60 மாதிரிக்கு அது கட்டுப்படியாகாது. துறையில் யாரிடமாவது ஏற்கெனவே இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

மணி பற்றிப் பேசும்போது என் மூக்குடைந்த கதை. அப்போது வேறொரு இடத்தில் வேலை. 96 மாதிரி, கையால் கலந்த மணி, எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் அளந்தால் ஒன்றிலும் டிஎன்ஏ இல்லை. மணியைத் திட்டினேன், பெக்கைத் திட்டினேன், கலந்து கொடுத்த பையனையும் திட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் கழுவும் எத்தனால் பாட்டில் கண்ணில் பட்டது. போன வாரம் நானே கலந்தது, மூடி சரியாகத் திருகாமல் மேசையில் நின்றது. ஆல்கஹால் பறந்துபோய், தண்ணீர் பங்கு கூடி, கழுவும்போது டிஎன்ஏவும் கரைந்து வடிகாலுக்குப் போயிருக்கிறது. அன்றிலிருந்து கழுவும் எத்தனாலை அன்றன்றைக்குத்தான் கலப்பேன். அந்தப் பையனுக்கு ஒரு வாரம் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

பழைய ஸ்பின் காலங்களை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து மறுபடி பயன்படுத்துவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமிலம் பழைய டிஎன்ஏவைச் சிதைப்பது உண்மை. ஒரே பிளாஸ்மிடை (பாக்டீரியாவில் இருக்கும் வட்ட டிஎன்ஏ) திரும்பத் திரும்ப எடுப்பவர்கள் செய்துகொள்ளட்டும். இனம் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சியே என்னும்போது, முன்னால் எந்த மீன் ஓடியது என்று தெரியாத வடிகுழாயை நான் தொட மாட்டேன்.

கையால் செய்யும்போது கிட்டைவிட ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டியது சரிபார்ப்பு. அளவுமானியில் 260 நானோமீட்டர் ஒளியில் வரும் எண்ணுக்கும் 280-இல் வருவதற்கும் விகிதம் 1.8 அருகில் இருந்தால் புரதம் குறைவு. 260-க்கும் 230-க்கும் விகிதம் 2-ஐத் தாண்டினால் உப்பும் சர்க்கரையும் குறைவு. குவானிடின் தயோசயனேட் மிஞ்சியிருந்தால் இரண்டாவது எண் தரைமட்டத்துக்குப் போகும். ஆனால் இந்த எண்களைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஆர்என்ஏவும் அதே 260-இல்தான் நிற்கும். எண் கொழுத்திருந்தாலும் ஜெல்லில் ஓட்டினால் டிஎன்ஏ கோடு மெலிந்திருக்கும். பிசிஆர் வரவில்லையென்றால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுப்புப் பொருள்தான் காரணம் என்றால் நீர்த்தது ஓடும். செடியில் எனக்குப் பாதிக்குப் பாதி அப்படித்தான் ஓடியது. ஓட்டத்தில் கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்; தடுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும்) சேர்ப்பதும் உதவும்.

அப்புறம், ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே போடாத ஒரு வெற்றுக் குழாய். எல்லாக் கரைசலும் ஊற்றி, எல்லாப் படியும் செய்து, பிசிஆர் வரை கொண்டுபோக வேண்டும். ஒருமுறை என் வெற்றுக் குழாயில் அழகான மீன் கோடு வந்தது. நசுக்கும் குச்சிகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தியிருந்தோம், அதில்தான் ஒட்டியிருந்தது. அந்தக் குழாயைப் போடாமல் விட்டிருந்தால், சந்தையில் கலப்படம் என்று நான் அறிக்கையே எழுதியிருப்பேன். உங்கள் வேலையும் கிட்டத்தட்ட ஒரு கடைக்காரரைக் குற்றம் சொல்லும் வேலை, மறந்துவிடாதீர்கள்.

வீட்டுச் சமையலறை? வேண்டாம். உப்பு, எஸ்டிஎஸ், எத்தனால் மட்டும் என்றால் ஆபத்து சின்னது, ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் தெறித்தால் சின்னது இல்லை. குளோரோஃபார்ம், குவானிடின், மெர்காப்டோஎத்தனால் மூன்றும் வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க என்று உங்கள் கன்னத்திலிருந்தோ நண்பரின் கன்னத்திலிருந்தோ மாதிரி எடுக்கும் யோசனை இருந்தால், ஆசிரியரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மனிதத் திசு ஆராய்ச்சிக்கு இங்கே 2015-இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. புக்கிட் தீமா காட்டில் இலை பறிப்பதற்கும் தேசியப் பூங்காக் கழக அனுமதி வேண்டும். சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கீரைக் கட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் 300 வெள்ளியை நானாக இருந்தால் இப்படிச் செலவழிப்பேன். மீனுக்கு ஹாட்ஷாட், அதில் வராததற்கு மட்டும் உப்பு முறை. பச்சை இலைக்கு டெல்லபோர்ட்டா; பொடி தனிக் கதை, கடைசியில் வருகிறேன். பிசிஆர் சுத்தத்துக்கு பெக். வாங்குவது புரோட்டினேஸ் கே ஒரு சின்னக் குப்பி, பெக் ஒரு பாட்டில், நல்ல வடிமுனை உள்ள பைப்பெட் முனைகள். டிரிஸ், ஈடிடிஏ, எஸ்டிஎஸ், உப்பு எல்லாம் உங்கள் ஆய்வக அலமாரியிலேயே இருக்கும். ஆய்வக அலுவலரிடம் தன்மையாகக் கேளுங்கள், அவர்தான் அந்த மாடியின் உண்மையான முதலாளி. மிச்சப் பணம் முழுவதும் வாசிக்க அனுப்பும் செலவுக்கு. பட்ஜெட் இடிப்பது அங்கேதான்.

கடைசியாக அந்தப் பொடிகள். இதில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. வெயிலில் காய்ந்து, சூட்டில் வறுபட்டு, ஆலையில் அரைபட்ட பொடியில் டிஎன்ஏ துண்டு துண்டாக நொறுங்கியிருக்கும். 600, 700 எழுத்து நீளப் பகுதியைத் தேடினால் எந்த முறையில் எடுத்தாலும் பெரும்பாலும் அகப்படாது. விலை கூடிய கிட் வாங்கினாலும் அதே கதைதான். சிடாப்பில் எடுத்து, பிவிபியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, பசுங்கணிக டிஎன்ஏவில் டிஆர்என்எல் என்ற பகுதியில் உள்ள குட்டித் துண்டைத் தேடுங்கள். செடியைப் பொறுத்து அது 10 முதல் 143 எழுத்துதான், நொறுங்கியதிலும் பிழைத்திருக்கும். அவ்வளவு சின்னத் துண்டால் நெருங்கிய உறவுச் செடிகளைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முருங்கைப் பொடியில் கீரையையோ புல்லையோ கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிக்கல்: பொடியில் இரண்டு மூன்று செடி கலந்திருந்தால் சாதாரண முறையில் வாசிக்கும்போது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதைப் பிரிக்க வேறு வகை வாசிப்பு வேண்டும், அது இந்தப் பட்ஜெட்டில் அடங்காது. பொடியில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐம்பதையும் மீனாக்கிவிடுங்கள்.